ஹிமாலயன் 411: சைடு ஸ்டாண்ட் எக்ஸ்டெண்டர் வாங்கலாமா, பட்டறையில் தகடு வைக்கலாமா?

மண்பாதை_மதுரை

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது ராயல் என்ஃபீல்டின் பி.எஸ்.6 ஹிமாலயன் 411 பைக். மழை முடிந்ததும் திருச்செந்தூர், குதிரைமொழித் தேரி, மணப்பாடு, அப்புறம் கடற்கரையை ஒட்டியே ராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று போக எண்ணம். தேரியின் செம்மண் எப்படிப் பொலபொலவென்று இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு இரண்டடி நகர்வதற்குள் கால் புதைந்து வண்டி சாய ஆரம்பித்துவிடும். சென்டர் ஸ்டாண்ட் இருக்கிறது, ஆனால் லக்கேஜோடு மணலில் தனி ஆளாக அதைப் போடுவது நடக்கிற காரியமில்லை. ஒவ்வொரு இடத்திலும் தட்டைக் கல்லைத் தேடிக்கொண்டிருக்கவும் முடியாது.

கடையில் எக்ஸ்டெண்டர் என்று கிடைப்பது ஸ்டாண்டின் காலை மேலும் கீழும் கவ்விப் பிடிக்கிற இரண்டு துண்டு அலுமினியத் தகடு. பக்கத்துப் பட்டறையில் 5 மி.மீ. இரும்புத் தகட்டை வெட்டி நேராக வெல்ட் வைத்துத் தருகிறேன் என்கிறார்கள். எது நல்லது? மடக்கினால் செயினில் உரசுமா என்பது இன்னொரு கவலை. போட்டு ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

கொங்கு_எக்ஸ்பல்ஸ்

கடையில் வாங்குவதையே போடுங்கள். நான்கு போல்ட், அரை மணி நேர வேலை. பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிடலாம். வெல்ட் வைத்ததை அப்படிக் கழற்ற முடியாது.

என் கதை கொஞ்சம் வேறு. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக்கில், வண்டியை உயர்த்துகிற ராலி கிட் போட்டிருக்கிறேன். அதில் கிரவுண்ட் கிளியரன்ஸ் 220-இலிருந்து 275 மி.மீ. ஆகிவிடும், அதனால் கிட்டோடு நீளமான சைடு ஸ்டாண்டையும் சேர்த்தே தருகிறார்கள். வண்டியை உயர்த்தினால் ஸ்டாண்டையும் மாற்ற வேண்டும் என்று கம்பெனியே கணக்குப் போட்டிருக்கிறது. அந்த ஸ்டாண்டோடு தகட்டையும் போட்ட பிறகு, ஈர வயலின் வரப்போரத்தில்கூடத் தயங்காமல் நிறுத்துகிறேன்.

பட்டறை_சேலம்

தம்பி, தகடு வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். சைடு ஸ்டாண்டை இறக்கி, அதன் காலைப் பிடித்து உள்ளேயும் வெளியேயும் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஓடின வண்டி என்றால், ஸ்டாண்ட் மடங்கித் திரும்புகிற பிவட் போல்ட்டில் ஆட்டம் இருக்கும். மேலே 1 மி.மீ. ஆட்டம் என்றாலும் கீழே வரும்போது அது பல மடங்காகும். அந்த ஆட்டத்தோடு அகலத் தகட்டையும் மாட்டினால், வண்டியின் பாரம் தகட்டின் ஓரத்தில் விழுந்து ஸ்டாண்டையே முறுக்கும்.

ஸ்பிரிங்கைக் கழற்ற ஒரு வழி. ஸ்டாண்ட் பாதி இறங்கும்போதுதான் ஸ்பிரிங் நன்றாக இழுபட்டிருக்கும். அப்போது சுருள்களுக்கு இடையில் சின்ன வாஷர்களைச் செருகிவிடுங்கள். ஸ்டாண்டை விட்டாலும் ஸ்பிரிங் சுருங்காது, கையாலேயே எடுத்துவிடலாம். கண்ணில் தெறிக்கிற சாமான் அது, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். போல்ட்டைத் துடைத்து, தேய்ந்திருந்தால் மாற்றி, கிரீஸ் வைத்து இறுக்குங்கள். எங்களிடம் "ஸ்டாண்ட் சரியா நிக்கல" என்று வருகிற வண்டிகளில் நிறைய இதிலேயே சரியாகிவிடும்.

கணக்கு_சென்னை

எந்தத் தகடு என்பதற்கு முன்னால் எவ்வளவு அகலம் வேண்டும் என்று பார்க்கலாம். வீட்டில் உடல் எடை பார்க்கிற மிஷின் இருந்தால் போதும். அதை சைடு ஸ்டாண்டின் காலுக்கு அடியில் வையுங்கள். மிஷினின் உயரத்துக்குச் சமமான பலகைகளை இரண்டு டயருக்கும் அடியில் போடுங்கள். இதை விட்டுவிட்டால் சாய்வு மாறிவிடும், எண் தப்பாக வரும். கூட ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். மிஷின் காட்டுகிற எடைதான் ஸ்டாண்ட் தரையை அழுத்துகிற எடை.

அதைக் காலின் பரப்பால் வகுத்துப் பாருங்கள். பின் டயரில் 32 பி.எஸ்.ஐ. காற்று என்றால் ஒரு சதுர செ.மீ.க்கு 2.25 கிலோ. டயர் தரையை அழுத்துவதும் ஏறக்குறைய அதே அளவில்தான். டயரைத் தாங்குகிற மண்ணில் ஸ்டாண்டும் நிற்க வேண்டுமானால், ஸ்டாண்டின் அழுத்தம் அந்த 2.25-க்குக் கீழே வர வேண்டும். எவ்வளவு அகலம் என்ற கேள்விக்கு இதைவிட நேரான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

அப்படியே சாய்வையும் அளந்துவிடுங்கள். போனில் லெவல் ஆப்பைத் திறந்து, போனைப் பின் பிரேக் டிஸ்க்கில் தட்டையாக ஒட்டிப் பிடியுங்கள். முன் டிஸ்க் வேண்டாம், ஹேண்டில் திரும்பியிருந்தால் கணக்கு கெடும். டிஸ்க் சூடாக இருக்கும்போது போனைக் கொண்டுபோகாதீர்கள். காலி வண்டியில் ஒரு தடவை, முழு லக்கேஜோடு ஒரு தடவை.

மண்பாதை_மதுரை

சேலத்து அண்ணன் சொன்னதுபோல் பிவட்டைப் பார்த்தேன். ஆட்டம் இருந்தது, கிரீஸ் காய்ந்து கறுப்புக் களிம்பாகிக் கிடந்தது. சுத்தம் செய்து இறுக்கியாயிற்று. அப்புறம் தம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி எடை போட்டேன்.

காலி வண்டி: ஸ்டாண்டில் 55 கிலோ, சாய்வு 12 டிகிரி. பக்கப் பைகள், கூடாரம், தண்ணீர் எல்லாம் சேர்த்து 35 கிலோ ஏற்றிய பிறகு: ஸ்டாண்டில் 58 கிலோ, சாய்வு 9 டிகிரி.

இது எனக்குப் புரியவில்லை. 35 கிலோ ஏற்றியும் ஸ்டாண்டில் 3 கிலோதான் கூடியிருக்கிறது. மிஷினில் கோளாறா?

கணக்கு_சென்னை

மிஷின் சரியாகத்தான் சொல்கிறது. லக்கேஜ் ஏற்றியதும் பின் ஷாக் அமுங்கியது, வண்டி தாழ்ந்தது. ஸ்டாண்டின் நீளம் மாறவில்லை. அதனால் வண்டி நிமிர்ந்துவிட்டது. சாய்வு குறைந்தால் பாரத்தில் பெரும் பங்கு டயருக்குப் போகும், ஸ்டாண்டின் பங்கு குறையும். கூடின எடையும் குறைந்த பங்கும் கிட்டத்தட்ட ஈடாகிவிட்டன.

இந்த இழையில் எல்லோரும் புதைவதைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு அதைவிடக் கவலை தருவது இந்த 9 டிகிரி. புதைந்தால் வண்டி இடப்பக்கம் சாயும், பெரும்பாலும் மெதுவாக. பார்த்து ஓடிவந்து பிடிக்க நேரம் இருக்கும். நிமிர்ந்து நிற்கிற வண்டி வலப்பக்கம் விழும். அந்தப் பக்கம் ஸ்டாண்டும் இல்லை, ஆளும் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தல் காற்றாலைகள் பக்கம் நிறுத்திப் பாருங்கள், இடப்பக்கத்திலிருந்து ஒரு வீச்சு போதும். தனுஷ்கோடியிலும் காற்றுக்குப் பஞ்சமில்லை.

எக்ஸ்டெண்டர் என்பது அகலம் மட்டுமில்லை, அடியில் ஒரு கனமும் சேர்க்கிறது. டயர் தரையைத் தொடுகிற கோட்டுக்கும் ஸ்டாண்டின் காலுக்கும் இடைவெளி 30 முதல் 35 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், கால் 10 மி.மீ. உயர்ந்தாலே சாய்வு ஒன்றரை முதல் 2 டிகிரி குறையும். கடையில் சில தகடுகள் அடியில் மட்டுமே 12, 15 மி.மீ. கனம். உயர்த்திய வண்டிக்கு அது வரம். உங்கள் வண்டிக்கு அது வேண்டாம்.

உங்கள் எண்களில் அகலத்தைப் பார்த்தால்: அசல் கால் சுமார் 13 சதுர செ.மீ. இருக்கும் என்றால் 58 கிலோவுக்கு ஒரு சதுர செ.மீ.க்கு 4.5 கிலோ வருகிறது. டயரைப் போல் இரு மடங்கு, புதையாமல் என்ன செய்யும்? 9-க்கு 5 செ.மீ. தகடு என்றால் 45 சதுர செ.மீ., அழுத்தம் 1.3 கிலோவுக்கு இறங்கிவிடும். அதற்கு மேல் அகலப்படுத்துவது தொந்தரவைத்தான் கூட்டும்.

லேத்_ராஜபாளையம்

எல்லாம் சரி, ஆனால் போல்ட் வைத்த தகடு கழன்று விழுந்து நான் பார்த்திருக்கிறேன். கல் பாதையில் அதிர்வு சும்மா விடாது. வெல்ட் வைத்தால் வண்டி இருக்கிறவரை இருக்கும். 9-க்கு 5 செ.மீ., 5 மி.மீ. மைல்ட் ஸ்டீல், சுற்றிலும் ஓரத்தை உருட்டி, மேலே பிரைமரும் பெயிண்ட்டும் அடித்தால் முடிந்தது. கடைத் தகட்டின் விலையில் பாதிகூட ஆகாது. அலுமினியம் கல்லில் பட்டுப் பட்டுத் தேயும், இரும்பு அப்படித் தேயாது.

பட்டறை_சேலம்

அண்ணாச்சி, வெல்டிங்கை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் சோறு போடுகிற தொழில் அதுதான். ஆனால் வண்டியில் இருக்கிற ஸ்டாண்டில் நேராக வைக்க வேண்டாம் என்பேன். பழைய ஸ்டாண்ட் ஒன்றை உதிரிபாகக் கடையில் வாங்கி அதில் வையுங்கள். அசல் ஸ்டாண்ட் வீட்டில் இருக்கட்டும், என்றைக்காவது தேவைப்படும். எப்படியானாலும் ஸ்டாண்டைக் கழற்றிக் கீழே வைத்துத்தான் வெல்ட் வைக்க வேண்டும். வண்டியில் மாட்டியபடியே வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். இப்போதுள்ள வண்டியில் என்ஜினைக் கட்டுப்படுத்துகிற இ.சி.யு., சென்சார் என்று மின்சாரச் சாமான்கள் நிறைய இருக்கின்றன.

இன்னொன்று எடை. நீங்கள் சொல்கிற இரும்புத் தகடு 175 கிராம் பக்கம் வரும். அதே அளவு அலுமினியம் 60 கிராம். காலின் நுனியில் 175 கிராம் தொங்கினால், பள்ளத்தில் விழுகிறபோது மடக்கிய ஸ்டாண்ட் குதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்த வண்டியில் அந்தக் குதிப்பு சைடு ஸ்டாண்ட் சுவிட்சை ஒரு கணம் தட்டிவிடும், கியரில் இருக்கும்போதே என்ஜின் வெட்டும். ஏற்றத்தில் கல்லுக்கு நடுவே அது நடந்தால் ஆபத்து. இரும்பு வைக்கிறவர்கள் ஸ்பிரிங்கையும் புதிதாக மாற்றிவிடுங்கள்.

லேத்_ராஜபாளையம்

ஸ்பிரிங் விஷயம் நியாயம், ஒப்புக்கொள்கிறேன். பழைய ஸ்டாண்டில் வைப்பதும் நல்ல யோசனைதான்.

நீலகிரி_சாலைகள்

குறைந்த உயரமுள்ளவர்கள் சார்பாக ஒன்று சொல்ல வேண்டும். என் உயரம் 5 அடி 1 அங்குலம். கால் எட்டுவதற்காக வண்டியின் பின்பக்கத்தை லிங்க் மாற்றித் தாழ்த்தியிருக்கிறேன். தாழ்த்திய வண்டியில் அசல் ஸ்டாண்டே நீளம். கோத்தகிரிச் சாலையில் கொஞ்சம் இடப்பக்கம் மேடான இடத்தில் நிறுத்தினால் வண்டி ஏறக்குறைய நட்டுக்குத்தலாக நிற்கும். இதற்கு மேல் எக்ஸ்டெண்டரும் போட்டால் நிறுத்தவே முடியாது.

நான் செய்தது: ஸ்டாண்டின் தண்டை நடுவில் வெட்டிக் குறைத்து, உள்ளே ஒரு கம்பியைச் செருகி வெல்ட் வைத்து வாங்கினேன். வெட்டும்போதே எக்ஸ்டெண்டரின் கனத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கச் சொன்னேன். தகடு எந்த மாடல் என்று முடிவு செய்துகொண்டு, அது கையில் வந்த பிறகு வெட்டுங்கள். முதலில் வெட்டிவிட்டு அப்புறம் தகடு தேடினால் இரண்டாவது முறையும் பட்டறைக்குப் போக வேண்டியிருக்கும். மணல், சேறு பக்கம் போகாதவர்களுக்கு எக்ஸ்டெண்டரே தேவையில்லை. ஒரு கயிறு கட்டின பிளாஸ்டிக் தட்டைக் கைப்பிடியில் மாட்டி வைத்திருங்கள். வண்டியில் உட்கார்ந்தபடியே கீழே போட்டு அதன்மேல் ஸ்டாண்டை இறக்கலாம், கிளம்பும்போது கயிற்றை இழுத்தால் கைக்கு வந்துவிடும்.

கொங்கு_எக்ஸ்பல்ஸ்

அக்கா சொல்வது முக்கியம். தாழ்த்தியவர்களுக்கும் உயர்த்தியவர்களுக்கும் ஒரே தகட்டைப் பரிந்துரைக்க முடியாது என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. தட்டு ஒன்றை நானும் வைத்திருக்கிறேன். சித்திரை வெயிலில் வேலூர்ப் பக்கம் தார் இளகிக் கிடக்கும்போது அசல் கால் அப்படியே அச்சு பதித்துவிடும், அங்கே தட்டே போதும்.

சிரம்பான்_சாலை

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே செம்பனைத் தோட்டப் பாதைகளில் மழைக்குப் பிறகு செம்மண் களி மாதிரி ஆகிவிடும். எக்ஸ்டெண்டர் இல்லாமல் இங்கே யாரும் உள்ளே போவதில்லை. இரண்டு அனுபவம் சொல்கிறேன்.

ஒன்று, தகட்டின் மேல்பக்கம் சேற்றைத் தாங்குகிற முறம் மாதிரி வேலை செய்யும். ஸ்டாண்டை மடக்கினால் அந்தச் சேறு செயினுக்குப் பக்கத்தில் போய் உட்காரும். சிறு கல் ஒன்று ஒட்டியிருந்தால் செயினுக்கும் தகட்டுக்கும் நடுவே சிக்கும். மடக்குவதற்கு முன்னால் பூட்ஸ் நுனியால் ஒரு தட்டு தட்டிவிட்டு மடக்குங்கள், பழகிவிடும்.

இரண்டு, அலுமினியத் தகடு, இரும்புக் கால், ஸ்டீல் போல்ட் மூன்றும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரிக்கும். போல்ட் இறுகிப்போய், கழற்றும்போது தலை வழுக்கிவிடும். நீங்கள் கடலோரமாகப் போவதால் சொல்கிறேன். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி மாட்டுங்கள்.

மண்பாதை_மதுரை

எல்லோருக்கும் மிக்க நன்றி. தகட்டை வாங்கிப் பொருத்தியாயிற்று. அடித்தகட்டின் கனம் 6 மி.மீ. உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். செய்ததை அப்படியே எழுதுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

முதலில் ஸ்டாண்டின் காலைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்தேன். தண்டு காலோடு சேருகிற இடத்தில் வெல்ட் மேடு ஒன்று இருக்கிறது. மேல்தகடு அதில் முட்டி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அப்படியே போல்ட்டை முறுக்கினால் தகடு வளைந்து உட்காரும், ஆனால் ஓடும்போது தளரும். வெல்ட்டில் கை வைக்காமல், மேல்தகட்டின் உள் விளிம்பை அரத்தால் கொஞ்சம் சரித்தேன். பிறகு தட்டையாக அமர்ந்தது. காலின் பக்கவாட்டில் மயிரிழை இடைவெளி இருந்தது, அங்கே பழைய டியூபில் ஒரு பட்டை வெட்டி வைத்துக்கொண்டேன்.

போல்ட்டுகள் தலை அமுங்கிய எம்5, 3 மி.மீ. அலன் கீ. மரை தளராமல் பிடிக்கிற நீல லாக்டைட் பசையை ஒரு சொட்டு வீதம் விட்டேன். நான்கையும் கையால் முறுக்கிவிட்டு, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். தகடு அலுமினியம் என்பதால் 5 நியூட்டன் மீட்டரோடு நிறுத்திக்கொண்டேன், அதற்கு மேல் போனால் மரை போய்விடும். லாக்டைட் முழுதாக இறுக 24 மணி நேரம் வேண்டும், அதனால் வண்டியை மறுநாள் வரை எடுக்கவில்லை.

சாய்வு இப்போது லக்கேஜோடு 8 டிகிரி. பின் ஷாக்கின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை, கூட்டிய பிறகு பத்தரை. லக்கேஜ் ஏற்றுகிற நாளில் பிரீலோடு கூட்டத்தான் வேண்டும் என்று தெரியும், ஸ்டாண்டுக்கும் அது மருந்து என்பது இப்போது தெரிகிறது. வைகை மணலில் நிறுத்திப் பார்த்தேன். தகடு விரல் நகக் கனம் இறங்கி அதோடு நின்றுவிட்டது.

பட்டறை_சேலம்

நல்ல வேலை தம்பி. அரத்தைத் தகட்டில் பிடித்ததுதான் சரி. வெல்ட்டில் பிடித்திருந்தால் கால் பலம் இழந்திருக்கும்.

செயின் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு யாரும் முழுதாகப் பதில் சொல்லவில்லை. நிற்கிற வண்டியில் மடக்கிப் பார்த்து "இடைவெளி இருக்கிறது" என்று நம்பக் கூடாது. ஸ்டாண்ட் இருப்பது சேசிஸில். பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மும் செயினும் மேலும் கீழும் போய்வரும். பள்ளத்தில் ஷாக் முழுதாக அமுங்குகிறபோது இடைவெளி மாறும். அதனால் ஸ்டாண்டை மடக்கிவிட்டு, தகட்டின் உள் ஓரத்தில் பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணை ஒரு உருண்டை ஒட்டுங்கள். இரண்டு பேர் உட்கார்ந்து பின்பக்கத்தை அமுக்கி அமுக்கி எழுந்திருங்கள். களிமண்ணில் தடம் விழுந்திருந்தால் அந்த ஓரத்தைத் தேய்த்துக் குறைக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டின் மிதிகம்பியிலும் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் சைடு ஸ்டாண்ட் முழுதாக மடங்காது, சுவிட்ச் வண்டியைக் கியரில் ஓட விடாது.

ஏறும்போதும் கவனம். சைடு ஸ்டாண்டில் நிற்கிற வண்டியின் இடது ஃபுட்பெக்கில் ஏறி நின்று காலைத் தூக்கிப் போடுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. உங்கள் முழு எடையும் அந்த ஒரு கம்பியில் இறங்கும். தகடு அகலமானதால் கால் புதையாது, அதனால் எல்லாப் பாரமும் பிவட்டுக்குத்தான் போகும்.

கணக்கு_சென்னை

பத்தரை என்றால் நிம்மதி. நிறுத்தும்போது முதல் கியரில் விட்டு, ஹேண்டிலை இடப்பக்கம் முழுதாகத் திருப்பி வையுங்கள். சரிவில் முன் சக்கரம் மேட்டைப் பார்க்கட்டும். வண்டி முன்னால் உருண்டால்தான் ஸ்டாண்ட் மடங்கும், எவ்வளவு பெரிய தகடு போட்டாலும் அதைத் தடுக்காது.

மண்பாதை_மதுரை

களிமண் சோதனை செய்தேன் அண்ணா. செயின் பக்கம் தடம் இல்லை. சென்டர் ஸ்டாண்ட் மிதிகம்பியில் லேசாக உராய்ந்த தடம் இருந்தது. தகட்டின் பின் மூலையை 3 மி.மீ. அளவு தேய்த்து வட்டமாக்கினேன், இப்போது தாராளமாக மடங்குகிறது.

தேனி_புதியவர்

முழு இழையும் படித்தேன், எனக்கும் இதே வண்டிதான். ஒரே ஒரு கேள்வி: தகடு வெளிப்பக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது? போடிமெட்டு வளைவுகளில் இடப்பக்கம் சாய்க்கும்போது தரையில் உரசுமா?

மண்பாதை_மதுரை

அசல் காலைத் தாண்டி வெளியே 8 மி.மீ.தான். மீதி அகலமெல்லாம் முன்னும் பின்னுமாக நீளவாக்கில் இருக்கிறது. வாங்கும்போது தகட்டைக் காகிதத்தில் வைத்து வரைந்து, அந்தக் காகிதத்தை வெட்டி, மடக்கிய ஸ்டாண்டில் ஒட்டிப் பார்த்துத்தான் இந்த வடிவத்தை எடுத்தேன். வெளிப்பக்கம் அதிகம் நீட்டுகிற வட்டத் தகடுகளும் கடையில் இருக்கின்றன, மலைச்சாலைக்காரர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. என் வண்டியில் ஃபுட்பெக் உரசிய பிறகுதான் தகடு தரையைத் தொடும் என்று நூல் பிடித்துப் பார்த்துக்கொண்டேன். நீங்களும் வாங்குவதற்கு முன் ஃபுட்பெக் நுனியிலிருந்து டயரின் அடிவரை ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். தகடு அந்த நூலுக்கு உள்ளே இருந்தால் சரி.

தேனி_புதியவர்

புரிந்தது அண்ணா, இந்த ஞாயிறு பிவட்டில் ஆரம்பிக்கிறேன். எடை மிஷின் பக்கத்து வீட்டில் இருக்கிறது.